ஐந்தாம் வரி இரண்டு முறை

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், தலைமையாசிரியர். அவருக்கு வலது பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, கணக்கு சார். இடது பக்கம், மேலலுவலகத்திலிருந்து வந்திருந்த திட்ட அலுவலர் அம்மா. மடியில் கைப்பை, கைப்பையின் மேல் கோப்பு. கதவை ஒட்டிய நாற்காலியின் நுனியில், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியிலிருந்து நேராக இறங்கி வந்திருந்த பேருந்து ஓட்டுநர். அறையில் நாற்காலி நான்குதான். ஐந்தாவது ஆளான பாட்டு டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு முக்காலி வந்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வரும்; மேசை விளிம்பு மூக்குக்கு வரும்.

ஆறாவதாக ஒருத்தி வெளியே வராந்தா பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநரின் மகள், மூன்றாம் வகுப்பு. எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குச் சில்வண்டு என்றுதான் பெயர். இன்றைக்குச் சில்வண்டிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கணக்கு சார் விடைத்தாள் கட்டை மேசையில் பொத்தென்று போட்டார்.

"முப்பத்துநாலு பேர் எழுதினாங்க சார். ஏழெட்டு எத்தனைன்னு கேட்டிருந்தேன். முப்பத்தோரு பேர் நாப்பத்தொம்பதுன்னு எழுதியிருக்காங்க. ஏழாறு எத்தனை? அதே முப்பத்தோரு பேர் முப்பத்தஞ்சு. ஏழொம்போது? அம்பத்தாறு. ஆளாளுக்கு ஒரு தப்பு பண்ணினா அது பிள்ளைங்க. எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணினா அது காப்பி."

"யார் ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"பரீட்சை நடக்கறப்ப ஒரே முனகல். போய்ப் பாத்தா அந்தச் சில்வண்டு. வாய மூடிக்கிட்டு மூக்கால சைகை குடுக்குது. முனகலை வச்சே மத்ததுங்க எழுதிக்கிட்டுதுங்க. எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார். இதுமாதிரி எத்தனை பாத்திருப்பேன்!"

திட்ட அலுவலர் அம்மா கோப்பைத் திறந்தார். "அப்படின்னா நடத்தைக் குறிப்பேட்டுல ஏத்திடுங்க. 'பிறரைக் காப்பியடிக்கத் தூண்டியவர்.' வகுப்புக்கு மொத்தமா பூஜ்யம். வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை என் மேசைக்கு வந்துடணும். அடுத்த மாசம் நம்ம இணைப்புத் திட்டத்தைப் பாக்க வெளியிலிருந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள இது முடிஞ்சிருக்கணும்."

ஓட்டுநர் அதுவரை தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "அம்மா, அந்தக் குறிப்பேடு அவ எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் கூடவே போகுமில்ல?"

"போகும். அதுக்குத்தானே அது."

"பொண்ணுக்குப் படிப்பு வரலைன்னு சொல்லுங்க, தலையைக் குனிஞ்சு கேட்டுக்கறேன். கணக்கு மண்டையில ஏறலைன்னு சொல்லுங்க, என் மண்டைதான் அவளுக்கும்னு ஒத்துக்கறேன். திருடின்னு எழுதாதீங்க. எட்டு வயசும்மா."

"திருடின்னு யாருய்யா சொன்னது?" என்று தலைமையாசிரியர் சீறினார். சொல்லவில்லைதான். எழுதத்தான் போகிறார்கள்.

பாட்டு டீச்சருக்கு முக்காலியில் இருப்பு கொள்ளவில்லை. ஏழாம் வாய்பாட்டுக்கு மெட்டுப் போட்டுப் பாடவைத்தவள் அவள்தான். வாய்பாடு தப்பாக வந்தது என்றால் அவளை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? ஒருவரும் கேட்கவில்லை. மெட்டில் கணக்கு இருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

"தாளை நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்றாள்.

"பாருங்களேன். மார்க் கூடிடப் போகுதா?" என்றார் கணக்கு சார்.

கட்டை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

இந்த இணைப்புத் திட்டத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். போன வருஷம்வரை வகுப்புக்கு வாரம் இரண்டு பாட்டுப் பிரிவேளை இருந்தது. வருஷ ஆரம்பத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இசையைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்றது. பாட்டு டீச்சர் அதை இரண்டு முறை படித்து, மனதுக்குள் ஒரு துள்ளுத் துள்ளினாள். தாளத்தில் ஒரு தட்டைப் பாதியாக்கினால் அரை, அரையைப் பாதியாக்கினால் கால். பின்னம் படிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு டப்பாவின் மேல் ரப்பர் வளையத்தை மாட்டி, இழுக்க இழுக்கச் சத்தம் ஏன் ஏறுகிறது என்று அறிவியல் டீச்சரோடு சேர்ந்து காட்டலாம். டப்பாகூடத் தேடி எடுத்து வைத்துவிட்டாள்.

வந்தது என்னவோ பட்டியல். ஏழாம் வாய்பாடு, வெள்ளிக்குள் மெட்டுப் போடவும். செடியின் பாகங்கள், அடுத்த வெள்ளி. திசைகள் நான்கு, அதற்கடுத்த வெள்ளி. இரண்டு பாட்டுப் பிரிவேளையும் இணைப்புப் பிரிவேளை என்று பெயர் மாறின. பாட்டு மற்ற பாடங்களுக்கெல்லாம் எடுபிடி ஆனது. இதைத் தூக்கு, அதைச் சும, கொண்டுபோய் வாசலில் வை, உள்ளே வராதே. கணக்குக்குப் பாட்டு உதவ வேண்டும். பாட்டைக் கணக்கு வந்து ஒரு தடவைகூட எட்டிப் பார்க்க வேண்டாம். இதற்குப் பெயர் இணைப்பாம்!

"சார், மெட்டுப் போட்டிருக்கேன். ஒரு பத்து நிமிஷம் வந்து கேளுங்க" என்று அவள் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள்.

"டீச்சர், பாட்டு உங்க இலாகா. என் காதுக்குப் பாட்டும் ஒண்ணுதான், பம்பு செட்டும் ஒண்ணுதான்" என்று மூன்று முறையும் சிரித்தார் கணக்கு சார்.

ஆனால் வாராவாரம் பாட்டை எழுதிக் கொடுக்கும் படிவத்தில் 'இணை ஆசிரியர் சரிபார்த்தது' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் அறையில், இடது கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு.

அவளுக்கு முன்பே வெளியே வந்துவிட்ட ஓட்டுநர் வராந்தாவில் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு டீச்சர் தூணோரம் நின்றுவிட்டாள்.

"நெஜத்தச் சொல்லு. யாரையாச்சும் பாத்து எழுதினியா?"

"இல்லப்பா. பாடிப் பாத்து எழுதினேன்."

"அதெப்படி? எனக்கும் காட்டு."

சில்வண்டு உதட்டை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினாள். ஒரு வரிக்கு ஒரு விரல் மடங்கியது. எட்டாவது விரல் மடங்கியதும் நிறுத்தி, வாயைத் திறந்து, "நாப்பத்தொம்பது" என்றாள்.

"தப்பும்மா. ஏழெட்டு அம்பத்தாறு. என் வண்டி நம்பரே அதான்."

"பாட்டுல எட்டாவது நாப்பத்தொம்பதுதான்ப்பா."

"சத்தமாப் பாடு பாப்போம்."

அவள் பாடினாள். ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, நாப்பத்திரண்டு...

"நிறுத்து, நிறுத்து. முப்பத்தஞ்சு ரெண்டு வாட்டி வருதே?"

"அது அப்படித்தான். அங்க வளைஞ்சு வரணும். டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். பல நாள் கழித்துச் சிரித்தவர் போல இருமலும் கூடவே வந்தது. "அடி என் கழுதை! எங்க ரூட்டுல ஆஸ்பத்திரி நிறுத்தம் இருக்கில்ல, உள்ள போகும்போது ஒரு தடவை, வளைஞ்சு வெளிய வரும்போது ஒரு தடவை, ரெண்டு வாட்டி நிப்பேன். எட்டாவது நிறுத்தத்துல எறங்குன்னு யாராச்சும் சொல்லி விட்ட ஆளு விரல விட்டு எண்ணிக்கிட்டே வருவான். சரியா ஒரு நிறுத்தம் முன்னாடியே எறங்கிட்டு, அப்புறம் என்னைத் திட்டுவான்."

தூணோரம் நின்ற பாட்டு டீச்சருக்குக் காது மடல் சூடானது. அவளும் விரலை மடக்கினாள். ஆறாவது விரல், முப்பத்தைந்து. எட்டாவது, நாற்பத்தொன்பது. ஒன்பதாவது, ஐம்பத்தாறு.

சிறுமிகள் கயிறு தாண்டும்போது பாடும் மெட்டை அவள் எடுத்திருந்தாள். அது சுற்றுக்கு நான்கு வரி, மூன்று சுற்று. 'ஏழெட்டு' என்றெல்லாம் சேர்த்தால் வரி நீண்டுபோகிறது என்று விடைகளை மட்டும் வைத்தாள். விடை பத்து, வரியோ பன்னிரண்டு. கடைசிச் சுற்று நொண்டக்கூடாது என்று ஐந்தாம் வரியையும் பத்தாம் வரியையும் இரண்டு முறை பாடவைத்தாள். தாளம் தப்பாமலிருக்க வரிக்கு ஒரு விரல் மடக்கச் சொன்னதும் அவள்தான். பாட்டில் ஒரு வரி திரும்ப வருவது அழகு. அதே வரி கணக்கில் திரும்ப வந்தால் பொய். அந்தப் பொய்யைத்தான் முப்பத்தோரு பிள்ளைகளும் ஒரு விரல் பிசகாமல், அவள் சொன்னபடி, நம்பி எழுதியிருந்தார்கள்.

கட்டைப் பிரித்து மற்ற மூன்று தாள்களைத் தேடினாள். ஐம்பத்தாறு என்று சரியாக எழுதிய மூன்று பேரும் யார் என்று பார்த்தால், பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாரத்தில் கன்னம் வீங்கி, அம்மைக்கட்டு என்று வீட்டில் இருந்தவர்கள்! அவளிடம் பாட்டுப் படிக்காத மூன்று பேர்தான் தேறியிருந்தார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை முதல் மணிக்கே அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

"யாரும் காப்பியடிக்கல. பாட்டை நான்தான் தப்பா கட்டிட்டேன்" என்றாள்.

வகுப்பு ஒரு கணம் வாயைப் பிளந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப உங்களுக்குத்தான் பூஜ்யமா டீச்சர்?"

"எனக்குத்தான்."

அந்தப் பதில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெஞ்சைத் தட்டினார்கள். பன்னிரண்டு வரியையும் அவள் பலகையில் எழுதினாள். அம்மை வந்து தேறியவர்களில் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், முப்பத்தஞ்சு ஒரு வாட்டிதான் பாடணும். கடைசில ரெண்டு வரி குறையுமில்ல, அங்க கை தட்டிக்கலாம். கை தட்டினா விரல மடக்க முடியாது."

பாடிப் பார்த்தார்கள். நான்கு, நான்கு, இரண்டு. பிறகு இரண்டு வரிக்குக் கைதட்டல். சுற்றும் நொண்டவில்லை, கணக்கும் நொண்டவில்லை. எட்டாவது விரலில் ஐம்பத்தாறு வந்து உட்கார்ந்தது. சில்வண்டு மட்டும் வாயைத் திறக்கவில்லை. "பாடேன்" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்ததற்கு, "மாட்டேன், எழுதிடுவாங்க" என்றாள்.

பாட்டு டீச்சருக்கு அதுதான் உச்சந்தலையில் ஏறியது. ஒரு எட்டு வயதுப் பிள்ளை சரிபார்த்துச் சொல்லப் பத்து நிமிஷம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் போயிற்று. ஆனால் சந்தேகப்பட நேரம் இருந்தது. கூட்டம் கூட்ட நேரம் இருந்தது. ஒரு குழந்தையின் வாயை அடைக்க நேரம் இருந்தது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். கணக்கு சாரும் அங்கேதான் இருந்தார். முக்காலி இன்னும் அங்கேயே கிடந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே விரலை மடக்கிப் பாடிக் காட்டினாள்.

கணக்கு சார் கூடவே மனதுக்குள் எண்ணியது முகத்தில் தெரிந்தது. ஆறாவது விரலில் அவர் முகம் மாறியது. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? தப்பு பாட்டுலதான். நான் அன்னைக்கே சொன்னேன், இதெல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு."

"என்னைக்கு சார் சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"மனசுக்குள்ள சொன்னது எனக்குக் கேக்கல சார். கட்டத்துல போட்ட கையெழுத்துதான் கண்ணுக்குத் தெரியுது. பன்னிரண்டு வரியும் வரிசையா எழுதி, கீழ 'சரிபார்த்தது'ன்னு உங்க கையெழுத்து. முப்பத்தஞ்சு ரெண்டு தடவை இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே உங்க தேநீர்க் கறை."

தலைமையாசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நீங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. கொஞ்சம் நிதானமா கேளுங்க. காப்பின்னு போட்டா ஒரு டெஸ்டு போச்சு, அவ்வளவுதான். பாட்டு தப்புன்னு போட்டா திட்டமே போச்சு. திட்டம் போனா இணைப்புப் பிரிவேளை போச்சு. பழைய பாட்டுப் பிரிவேளை ஏற்கெனவே கிடையாது. அப்புறம் நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுவீங்க? நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணு?"

"வேணும்னா 'தூண்டியவர்'ங்கறத எடுத்துட்டு 'சந்தேகத்துக்குரியவர்'னு போட்டுக்கலாம்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு!"

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர்."

"கிண்டல் இல்ல சார். வயித்தெரிச்சல். பிள்ளைங்க நம்ம சொன்னத அப்படியே கேட்டதுதான் அதுங்க பண்ணின குத்தம். நான் தப்பா சொன்னேன். இவர் பாக்காம கையெழுத்துப் போட்டாரு. தண்டனை மட்டும் அதுங்களுக்கு. என் பிரிவேளைய காப்பாத்த ஒரு குழந்தை மேல திருட்டுப் பட்டம் கட்டணும்னா, அந்தப் பிரிவேளையில போயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடுவேன்?"

"எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்ப மாட்டேன்" என்றார் தலைமையாசிரியர். குரல் மறுபடியும் ஏறிவிட்டது.

"நீங்க சிரமப்பட வேணாம் சார். தபால்காரங்க அனுப்புவாங்க."

அன்று பிற்பகல் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் தபால் நிலையத்துக்கு நடந்தாள். பதிவுத் தபால் கவுண்டரில் இருப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. கம்பிக்குப் பின்னாலிருந்து, "என்ன அண்ணி, இந்த நேரத்துல? அண்ணன் கூட சண்டையா? புகார்க் கடிதமா இருந்தா அம்மாவுக்கு நேர்லயே குடுத்துடலாம், தபால் செலவு மிச்சம்" என்றாள்.

"உங்க அண்ணன் பாவம். இது வேற சண்டை. ஒரு பெரிய உறை குடு."

சுவரோரம் சாய்வு மேசை. அதில் நூலில் கட்டிய பேனா. நூல் எட்டுகிற தூரத்துக்குள் தாளை வைத்து எழுதினாள். சின்ன வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது: இடம், நாள், பெறுநர், பொருள், பிறகு எண் போட்டு எழுதுவது. வரிசை பிசகவில்லை. மேலலுவலகத்தின் முதன்மை அதிகாரிக்கு என்று தொடங்கினாள்.

"ஒன்று. மூன்றாம் வகுப்பில் யாரும் காப்பியடிக்கவில்லை. பாட்டைக் கட்டியதில் நேர்ந்த பிழை என்னுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதைப் பன்னிரண்டு வரியும் எழுதி இணைத்துள்ளேன். தாங்களே விரல் மடக்கிப் பாடிப் பார்க்கலாம். பாட வராவிட்டால் எண்ணிப் பார்த்தாலும் போதும்.

இரண்டு. அந்த வாரம் வகுப்பில் இல்லாத மூவர் மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் காண்க.

மூன்று. முனகியதாகச் சொல்லப்படும் மாணவி, நான் சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டாள். சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைப்பது குற்றமென்றால் பள்ளிக்கூடம் எதற்கு? அவள் குறிப்பேட்டில் ஒரு எழுத்தும் ஏறக்கூடாது. வகுப்புக்கு மறுபரீட்சை வைக்க வேண்டும்.

நான்கு. இணை ஆசிரியர் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட படிவத்தின் நகல் இத்துடன் உள்ளது. ஒரு நாளும் அவர் வகுப்புக்கு வந்ததில்லை. என் பிழையை நான் ஒப்புக்கொண்டதுபோல இதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்து. பாட்டைப் பிற பாடங்களோடு இணைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் இணைக்கவில்லை என்கிறேன். இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. உட்கார மாட்டார்கள் என்றால் திட்டத்தை நிறுத்துங்கள். என் பிரிவேளை போனால் போகட்டும். பாட்டைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்காதீர்கள்."

ஐந்தாவதைப் படித்துப் பார்த்தாள். 'என் பிரிவேளை போனால் போகட்டும்' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அடிக்கலாமா என்று நூலை இழுத்துப் பார்த்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்ற அந்தப் பெண்ணின் இறுகிய உதடு நினைவுக்கு வந்தது. வரியை அப்படியே விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனார் கம்பி வழியாகக் கழுத்தை நீட்டித் தலைகீழாகவே நான்காவது வரைக்கும் படித்துவிட்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"அண்ணி, ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க. ஒட்டி என் கைக்கு வந்துட்டா, எங்க அண்ணனே வந்து கேட்டாலும் நான் பிரிக்க மாட்டேன்."

"யோசிச்சாச்சு. பசை எங்க?"

பசைக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. விரலால் வழித்து உறையின் மடலில் ஓரம்வரை தடவி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். நாத்தனார் எடை போட்டு, தபால்தலை ஒட்டி, எண் எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு முத்திரையை மை அட்டையில் அழுத்தி, உறையின் மேல் ஒரு குத்து. முதல் குத்து மங்கலாக விழுந்ததால் அதன்மேலேயே பலமாக இன்னொரு குத்து.

நான்கு மணித் தபால் பைக்குக் கட்டுப்போட ஆள் வந்துகொண்டிருந்தார். உறை பைக்குள் விழுந்தது. பையின் வாய் இறுகியது.